கடைவாய்ப் பல்வலியாகத் தொடங்கிய மேல்தாடைச் சைனஸ் புற்றுநோய்: ஆயுளைத் தீர்மானித்த காரணிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இடது மேல்தாடைச் சைனஸில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றையும் பெற்ற ஒருவரின் நோய்ப்போக்கை முதலிலிருந்து இன்றைய நிலைவரை இந்தப் பதிவு விவரிக்கிறது. நோயாளியின் ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதியிருக்கிறோம். சைனஸ் புற்றுநோய் வந்தவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் சில, அவர் மருத்துவமனைப் படியேறும் முன்பே முடிவாகிவிட்டவை. வேறு சில, அதற்குப் பிறகும் சிகிச்சை தருவோரின் கையில் இருப்பவை. இரண்டையும் கலந்து எல்லாவற்றையும் விதியின் மேல் போடுவதை நோயாளிகளின் வீட்டாரிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் கேட்டிருக்கிறோம். எந்த முடிவு எந்தக் காரணியை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

## பின்னணி

நோயாளிக்கு அப்போது வயது 56. தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். பதினேழு வயதில் தந்தையிடம் உளி பிடிக்கக் கற்றவர். தேக்கு, வேம்பு, வாகை ஆகிய மரங்களில் கதவும் நிலையும் சன்னலும் செய்வதே முதன்மையான வேலை. தொடக்க ஆண்டுகளில் கை இழைப்புளியும் உப்புத்தாளும்தான் கருவிகள். பிறகு மின் இழைப்பும் தேய்ப்பு இயந்திரமும் வந்தன. இழைப்புளி உதிர்ப்பது சுருள் சீவல். தேய்ப்பு இயந்திரம் கிளப்புவதோ மாவுபோன்ற நுண்தூள், அது நேராக மூக்குக்குள் போகும். தகரக் கூரையின் கீழ், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். இருபது வயது முதல் நாளுக்கு ஒரு கட்டு பீடி. சர்க்கரை நோய் எட்டு ஆண்டுகளாக உண்டு. மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டதில்லை.

மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்தது. 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில், மர அறைகலன் செய்யும் தொழிலாளர்களிடம் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் வழக்கத்துக்கு மிஞ்சித் தென்படுவதை அங்கிருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்ததிலிருந்து இந்த அறிவு வளர்ந்தது. ஆனால் மரத்தூளோடு மிக நெருங்கிய தொடர்புடையது, கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு சைனஸில் தோன்றும் சுரப்பித் திசுப் புற்றுநோய். இவருக்கு வந்ததோ மேல்தாடைச் சைனஸில், செதிள் செல் வகை, அதாவது தட்டையான மேற்பரப்புச் செல்களில் தோன்றுவது. அந்த வகையோடு புகையிலைக்கு உள்ள தொடர்பு வலுவானது. ஆகவே தொழில்தான் காரணம் என்று நாங்கள் எழுதவில்லை. தொழிலும் பீடியும் சேர்ந்து ஆபத்தைக் கூட்டியிருக்கக்கூடும் என்ற அளவில் குறித்துக்கொண்டோம். நோயாளியின் தொழிலைக் கேட்டு எழுதும் வழக்கமே புறநோயாளர் சீட்டுகளில் அருகிவிட்டதால் இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூக்குக் குழியிலும் சைனஸ்களிலும் தோன்றும் புற்றுநோய்கள், தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். அவற்றில் சைனஸ்களில் தோன்றுபவற்றுள் பெரும்பான்மை மேல்தாடைச் சைனஸைச் சேர்ந்தவை. அந்தச் சைனஸ் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழி. கட்டி அந்த வெற்றிடத்தை நிரப்பும்வரை வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. சுவரை அரித்து வெளியே வரும்போதுதான் நோய் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதுவும் எந்தச் சுவரை அரிக்கிறதோ அதற்கேற்ற வேறொரு நோயின் சாயலில் வருகிறது. கீழே இறங்கினால் பல்வலி, உள்பக்கம் போனால் மூக்கடைப்பு, மேலே ஏறினால் கண்ணில் நீர், பின்னால் போனால் வாய் திறக்க முடியாமை.

## எங்களிடம் வருவதற்கு முன்னான ஏழு மாதங்கள்

முதலில் வந்தது இடது மேல் கடைவாயில் மந்தமான வலி. பல்லில் சொத்தை இல்லை. ஆனால் ஆட்டம் இருந்தது. உள்ளூரில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி மூடவில்லை. இரண்டு வாரத்தில் அதிலிருந்து சிவந்த சதை எழும்பியது. சர்க்கரை நோயாளி என்பதால் புண் ஆறத் தாமதமாகிறது என்று கருதி, மூன்று முறை கிருமிக்கொல்லி மருந்துகள் கொடுக்கப்பட்டன. அடுத்த பல்லும் ஆடத் தொடங்கியதும் அதையும் பிடுங்கினார்கள்.

மூன்றாம் மாதத்தில் அவரே ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கிறார். சவரம் செய்யும்போது இடது கன்னத்திலும் மேலுதட்டின் இடது பாதியிலும் பிளேடு ஓடுவதே தெரியவில்லை. பல் பிடுங்கியபோது போட்ட மரப்பு ஊசி இன்னும் விடவில்லை போலும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இந்த வரலாறு முழுவதிலும் எங்களை அதிகம் நிறுத்தியது இந்தச் செய்திதான். கண்ணுக்குக் கீழே எலும்புத் துளை வழியாகக் கன்னத்துக்கு வரும் உணர்வு நரம்பு, மேல்தாடைச் சைனஸின் கூரையை ஒட்டிப் போகிறது. அடிபடாத ஒருவருக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் மரத்துப்போனால், அந்த நரம்பை ஏதோ அழுத்துகிறது அல்லது அரிக்கிறது என்று பொருள். சாதாரணச் சைனஸ் அழற்சியில் இது பொதுவாக நேர்வதில்லை.

நான்காம் மாதம் இடது மூக்கு அடைத்தது. மூக்கைச் சிந்தினால் துண்டில் இளஞ்சிவப்புக் கறை. பட்டறைத் தூசியின் ஒவ்வாமை என்று மூக்குத் தெளிப்பான் எழுதிக் கொடுத்தார்கள். ஆறாம் மாதக் கடைசியில் கன்னம் வீங்கி, இடக்கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வழிந்தபோது எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இடது சைனஸ் முழுவதும் மங்கலாகத் தெரிந்ததோடு, வெளிச்சுவரின் கோடு ஓரிடத்தில் காணவில்லை. அதைப் பார்த்த மருத்துவர் அன்றே அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இந்த ஏழு மாதங்களில் கட்டி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனது என்று இப்போது சொல்ல முடியாது. முதல் பல்லைப் பிடுங்கியபோதே அது தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

## சேர்க்கையின்போது கண்டவை

இடது கன்னம் மேடிட்டிருந்தது. தோல் கட்டியோடு ஒட்டாமல் நகர்ந்தது. பல் பிடுங்கிய இடத்தில் தொட்டால் இரத்தம் கசியும் சதை வளர்ச்சி. மூக்கு உள்நோக்கியில் நடுப்பாதையிலிருந்து சாம்பல் நிறச் சதை நீட்டிக்கொண்டிருந்தது. கண் அசைவு எல்லாத் திசையிலும் சரியாக இருந்தது. இரட்டைப் பார்வை இல்லை. வாய் மூன்று விரல் அளவு திறந்தது. கடைசி இரண்டு செய்திகளும் எங்களுக்கு நம்பிக்கை தந்தன, ஏனெனில் கண்ணை அசைக்கும் தசைகளும் மெல்லும் தசைகளும் இன்னும் நோயின் பிடியில் சிக்கவில்லை என்பதை அவை காட்டின.

சிடி ஸ்கேனில் கட்டி சைனஸை நிரப்பி, உள்சுவரையும் அடித்தளத்தையும் அரித்து, கண் குழியின் தளத்தில் ஒரு பகுதியைக் கரைத்திருந்தது. பின்சுவரும் அரிக்கப்பட்டிருந்தது. எலும்பைச் சிடி காட்டும். நரம்பு, கொழுப்பு, கண்ணுறை ஆகியவற்றை எம்ஆர்ஐதான் காட்டும். எம்ஆர்ஐயில் கண் குழியைச் சுற்றியுள்ள உறை மேல்நோக்கித் தள்ளப்பட்டிருந்ததே தவிரக் கிழியவில்லை. உள்ளே இருக்கும் கொழுப்பு சுத்தமாக இருந்தது. கன்ன நரம்பு சற்றுத் தடித்திருந்தது. கழுத்தில் தாடைக்குக் கீழே 1.2 செ.மீ. அளவில் ஒரு நிணநீர்க்கட்டி. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் புற்றுச் செல்கள் இல்லை. மார்புச் சிடியில் வலது மேல் நுரையீரலில் ஒரு பழைய தழும்பு தவிர வேறொன்றும் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.8 சதவீதம்.

## திசுப் பரிசோதனை இரண்டு முறை நடந்த காரணம்

கறுப்புப் பூஞ்சை அலை 2021-இல் வந்துபோனதற்கு அடுத்த ஆண்டு அது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, ஒரு பக்கச் சைனஸ், எலும்பு அரிப்பு, பல் ஆட்டம் என எல்லாம் சேர்ந்ததால் பூஞ்சை நோயாக இருக்குமோ என்ற கேள்வி இயல்பாகவே முதலில் எழுந்தது. மூக்கின் வழியாக எடுத்த முதல் துணுக்கில் பூஞ்சை இழைகள் இல்லை. அழுகிய திசுவும் அழற்சியும் மட்டுமே இருந்தன. பூஞ்சை இல்லை என்பதோடு நிற்காமல், புற்று இல்லை என்றும் அந்த அறிக்கையை வாசித்திருந்தால் இன்னொரு மாதம் போயிருக்கும். கட்டியின் மேற்பரப்பு அழுகியிருப்பதும், அதன் முன்னால் சாதாரண மூக்குச் சதை வளர்ந்து மறைப்பதும் இந்த நோயில் அடிக்கடி நேர்பவை. நான்கு நாள் கழித்து, பல் பிடுங்கிய குழியின் ஆழத்திலிருந்து மீண்டும் எடுத்தோம். நடுத்தர முதிர்ச்சியுள்ள செதிள் செல் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

மேலுதட்டுக்கு உள்ளே கீறி, சைனஸின் முன்சுவரைத் திறந்து எடுத்தால் எளிதாக இருக்குமே என்ற யோசனை வந்தபோது அதை மறுத்தோம். முழுதாக இருந்த முன்சுவரை நாமே உடைத்து, கன்னத்தின் மென்திசுவில் புற்றுச் செல்களைச் சிந்துவதற்கு அது ஒப்பாகும். கட்டி தானாகத் திறந்துகொண்ட வாசல் வழியாகவே துணுக்கு எடுப்பது நல்லது.

## நோயின் நிலையும் அதிலிருந்து புரிந்தவையும்

கண் குழித் தளமும் சைனஸின் பின்சுவரும் அரிக்கப்பட்டிருந்ததால் கட்டியின் அளவுநிலை, நான்கு படிகளில் மூன்று. சேர்க்கையின்போது கழுத்து சுத்தம், தொலைப்பரவல் இல்லை. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, மூக்குக் குழி, சைனஸ் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டு வாழ்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது கண்டறிந்தால் இது 80-ஐத் தாண்டுகிறது. அருகிலுள்ள உறுப்புகளுக்கோ கழுத்துக்கோ பரவிவிட்டால் 50 அளவுக்கு இறங்குகிறது. ஆனால் இந்த நோயில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். மேல்தாடைச் சைனஸ் கட்டிகளுக்கு இந்தச் சராசரி கொஞ்சம் தாராளமானது என்றும் நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் விரைவில் அறிகுறி காட்டும் மூக்குக் குழிக் கட்டிகளும் அதே கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

கட்டி எங்கே இருக்கிறது என்பது, அது எவ்வளவு பெரிது என்பதற்குச் சமமான எடையுள்ள காரணி. கண்ணின் உள்மூலையிலிருந்து கீழ்த்தாடையின் கோணம்வரை ஒரு கோடு இழுத்துப் பார்க்கும் முறையை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஓன்கிரென் 1933-இல் முன்வைத்தார். கோட்டுக்கு முன்னும் கீழும் உள்ள கட்டிகள் பல், அண்ணம், கன்னம் ஆகியவற்றின் பக்கம் போகின்றன. அவற்றை முழுதாக எடுக்க முடியும். பின்னும் மேலும் உள்ளவை கண் குழியையும் மண்டையோட்டின் அடித்தளத்தையும் நோக்கிப் போகின்றன. அங்கே விளிம்பு சுத்தமாக வெட்டுவது கடினம், ஆயுளும் அதற்கேற்பக் குறைகிறது. இவருடைய கட்டி இரண்டு பக்கத்திலும் கால் வைத்திருந்தது. பல் வழியாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது முன்பகுதி. ஆயுளை அச்சுறுத்தியது பின்சுவர்.

திசு வகையும் கையை மீறிய காரணிதான். மூக்குச் சளிச்சவ்வில் தோன்றும் மெலனோமா, வகை பிரியாத முதிராச் செல் புற்றுநோய் ஆகியவை மிகக் கொடியவை. நுகர்வு நரம்பில் தோன்றும் கட்டி ஒப்பளவில் மெதுவானது. அடினாய்டு சிஸ்டிக் வகையோ ஐந்து ஆண்டு தாண்டியும் அமைதியாக இருந்துவிட்டு, நரம்பு வழியாகவோ நுரையீரலிலோ மீண்டும் தலைதூக்கும். செதிள் செல் வகை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது.

## எடுத்த முடிவுகள்

அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சைத் துறையினர் கூடிப் பேசியபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன. முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு. முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கி அதன் பலனைப் பார்த்து முடிவெடுப்பது. அறுவை இல்லாமல் கதிர்வீச்சும் மருந்தும் மட்டும்.

மூன்றாவது வழியை எளிதாக ஒதுக்கினோம். முழுதாக எடுக்க முடிகிற கட்டியில் அறுவையைத் தவிர்ப்பது ஆயுளைக் குறைக்கும். இரண்டாவது வழியின்மேல் விவாதம் நீண்டது. முன்னதாகக் கொடுக்கும் மருந்துக்குக் கட்டி நன்றாகச் சுருங்குபவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். கண்ணை எடுத்தே தீர வேண்டும் என்ற நிலையில் இருக்கும் சிலருக்கு அது கண்ணைக் காப்பாற்றியும் தருகிறது. ஆனால் சுருங்காதவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் திரும்பி வராது. இவருக்குக் கண்ணுறை கிழியவில்லை, கட்டி அறுவைக்குள் அடங்குகிறது, சர்க்கரையோ கட்டுக்குள் இல்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்துகளை அந்த உடலுக்கு முதலில் கொடுப்பதால் கிடைக்கும் ஆதாயம், அதன் ஆபத்தைவிடக் கூடுதலாகத் தெரியவில்லை. முதல் வழியைத் தேர்ந்தோம்.

கண்ணைப் பற்றிய பேச்சு வீட்டாரோடு தனியாக நடந்தது. "கண்ணையும் சேர்த்து எடுத்துட்டா உசுருக்குப் பயமில்லைன்னா எடுத்துடுங்க டாக்டர்" என்றார் மனைவி. நோயாளி, "ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பார்த்துத்தான் மரத்தோட நேர் பிடிக்கிறது, போனா போகட்டும், ஆனா எடுக்காம முடியுமான்னு பாருங்க சார்" என்றார். நாங்கள் சொன்ன பதில் இது: நோய் கண்ணுறையைத் தாண்டிக் கொழுப்புக்கோ தசைக்கோ போயிருந்தால் கண்ணை எடுப்பதற்கு நியாயம் உண்டு. தாண்டாதபோது எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. வாழும் காலத்தின் தரம் மட்டும் குறைகிறது. அறுவையின்போது உறையிலிருந்து துணுக்கு எடுத்து, அதை உறையவைத்து அங்கேயே பார்க்கும் உறைநிலைப் பரிசோதனையை உடனுக்குடன் செய்து, அதன்படி நடப்போம். இருவரும் ஏற்று ஒப்பமிட்டார்கள்.

கழுத்தைப் பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. ஊசிப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்பதால் அப்படியே விடலாம் என்ற கருத்தும் எழுந்தது. மேல்தாடைச் சைனஸின் செதிள் செல் வகையில், அதிலும் அடித்தளம் வழியாக வாய்க்குள் இறங்கிய கட்டிகளில், கழுத்துக்குப் பரவும் வாய்ப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. கழுத்துக்குப் பரவியவர்களின் ஆயுள் கணிசமாகக் குறைகிறது. ஆகவே அதே அறுவையில் கழுத்தின் மேல் மூன்று அடுக்குகளில் உள்ள நிணநீர்க்கட்டிகளையும் எடுப்பதென்று தீர்மானித்தோம்.

அறுவைக்கு முன் இன்சுலினில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், முட்டை, பால், சுண்டல் என்று புரதத்தைக் கூட்டவும், பீடியை அடியோடு நிறுத்தவும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

## அறுவை

இடது மேல்தாடை எலும்பு முழுவதும், அதன் பின்னால் உள்ள டெரிகாய்டு எலும்புத் தகடுகளுடன் ஒரே துண்டாக எடுக்கப்பட்டது. கண்ணுறையிலிருந்து எடுத்த மூன்று துணுக்குகளிலும் புற்று இல்லை, கண் காக்கப்பட்டது. தடித்திருந்த கன்ன நரம்பை, அது மண்டையோட்டை விட்டு வெளியேறும் துளைவரை பின்தொடர்ந்து வெட்டி, அடிமுனையைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அது சுத்தமாக இருந்தது. நரம்பு வழியாக ஊர்ந்து போன நோய், கட்டியை எடுத்த ஓராண்டு ஈராண்டுக்குள் மண்டையோட்டின் அடியில் மீண்டும் வருவதைப் பார்த்திருப்பதால், இந்த ஒரு படிக்காக நேரம் செலவிடத் தயங்கவில்லை.

கண் குழியின் தளத்துக்கு டைட்டேனியம் வலை பொருத்தி, நெற்றிப்பொட்டுத் தசையைத் திருப்பி அதன்மேல் போர்த்தினோம். உயிருள்ள தசை மூடாத உலோகம் கதிர்வீச்சுக்குப் பின் வெளியே தெரியத் தொடங்கும். அண்ணத்தில் ஏற்பட்ட திறப்பை வேறிடத்துச் சதை கொண்டு மூடாமல், கழற்றி மாட்டும் அண்ணத் தட்டால் அடைப்பதென்று முன்பே பேசியிருந்தோம். சர்க்கரை நோயாளிக்கு அறுவை நேரம் குறைகிறது. தட்டைக் கழற்றினால் குழியின் உள்சுவரை நேரடியாகப் பார்த்து நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கவும் முடிகிறது.

திசு அறிக்கையின்படி கட்டியின் அளவு 4.2 செ.மீ.; நரம்பு உறையில் புற்று ஊடுருவல் இருந்தது; பின்பக்கம் வெட்டிய விளிம்புக்கும் கட்டிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளியே இருந்தது, எடுத்த 18 நிணநீர்க்கட்டிகளில் ஒன்றில் புற்று, உறையை மீறாமல். ஊசிக்குத் தப்பிய அந்த ஒன்று, கழுத்தைத் தொட்ட முடிவு சரியென்று காட்டியது. அதோடு, நோயின் எதிர்காலம் பற்றிய எங்கள் கணிப்பையும் ஒரு படி இறக்கியது.

## கதிர்வீச்சு: தாமதமும் அதன் காரணமும்

எங்கள் பக்கத்தில் "கரண்ட் வைப்பது" என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஏழாவது வாரத்தின் இறுதியில்தான் தொடங்கியது. கீழ்த்தாடையில் சொத்தையான மூன்று பற்கள் இருந்தன. கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு என்பதால், முன்னதாகவே பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழி ஆற இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். இந்தப் பற்கள் அறுவைக்குப் பின், கதிர்வீச்சுத் திட்டமிடலின்போதுதான் கவனத்துக்கு வந்தன. காப்பீட்டு ஒப்புதலுக்கும் எந்திரத்தில் இடம் கிடைக்கவும் மேலும் சில நாள்கள் போயின.

பின்சுவர்ப் பகுதிக்கு 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 33 தவணைகளில். கழுத்துக்கும் நரம்புப் பாதைக்கும் அதற்குக் குறைவான அளவு. பார்வை நரம்புக்கு 54 கிரேயைத் தாண்டாதபடி கதிர்களின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றும் முறையில் திட்டம் வகுக்கப்பட்டது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தையும் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. விளிம்பில் புற்று இருத்தல், நிணநீர்க்கட்டியின் உறை மீறல் ஆகிய இரண்டுக்குமே 2004-இல் வெளியான பெரிய ஆய்வுகள் உறுதியான ஆதரவு தருகின்றன. இவருக்கு இரண்டும் இல்லை. மேலும் அந்த ஆய்வுகள் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களில் நடந்தவை. சைனஸ் நோய் அரிதானதால் அதன் சான்றுகளை அண்டை வீட்டிலிருந்து கடன் வாங்கியே பயன்படுத்துகிறோம். குறுகிய விளிம்பு, நரம்பு ஊடுருவல், ஒரு நிணநீர்க்கட்டி ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்ததாலும், பின்சுவரில் நோய் திரும்பினால் மறு அறுவைக்கு வழியே இராது என்பதாலும், வாரம் ஒரு முறை, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மி.கி. அளவில் சேர்த்தோம். வாராந்திர முறை மூவார முறைக்குத் தாழ்ந்ததன்று என்று 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியிருந்தது. ஐந்து தவணை போயின. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியதால் ஆறாவதை நிறுத்தினோம்.

வாய்ப்புண் கடுமையாக இருந்த நான்காம் வாரத்தில் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். மூக்கு வழியே உணவுக் குழாய் வைத்து, வலிக்கு மார்ஃபின் கொடுத்து, தங்குமிடம் ஏற்பாடு செய்து, கதிர்வீச்சில் ஒரு தவணைகூட விடாமல் முடிக்க வைத்தது செவிலியர்களின் உழைப்பு. நடுவில் விடும் ஒவ்வொரு நாளும் எஞ்சிய புற்றுச் செல்களுக்குப் பெருக அவகாசம் தருகிறது. அறுவை முதல் கடைசித் தவணைவரை மொத்தம் 14 வாரம் ஆனது. உயர் ஆபத்துள்ள தலை, கழுத்துப் புற்றுநோயில் 11 வாரத்துக்குள் முடித்தவர்களுக்கே நோய்க் கட்டுப்பாடு சிறந்திருந்தது, 13 வாரத்தைத் தாண்டினால் குறைந்தது என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

## பின்தொடர்ந்தவை

மூன்றாம் மாத ஸ்கேனில் நோய் இல்லை. முதல் ஆண்டு மாதந்தோறும், இரண்டாம் ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தட்டைக் கழற்றி உள்நோக்கியால் குழியைப் பார்த்தோம்.

வாய் திறப்பு 18 மி.மீ. ஆகச் சுருங்கியது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினோம். அடுத்த முறை வந்தபோது வேப்ப மரத்தில், அரை அங்குலத்திலிருந்து படிப்படியாகத் தடிக்கும் ஆப்பு ஒன்றைத் தாமே செதுக்கி, பல் படும் இடத்தில் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எட்டு மாதத்தில் 31 மி.மீ. வரை திறந்தது. அண்ணத் தட்டு இருமுறை மாற்றப்பட்டது. அது சரியாகப் பொருந்தாத நாள்களில் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. இடக்கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து தொடர்கிறது.

இருபதாம் மாத மார்புச் சிடியில் வலது மேல் நுரையீரலில், பழைய தழும்பின் அருகில், 1.4 செ.மீ. முடிச்சு ஒன்று தெரிந்தது. தொலைப்பரவல் என்று எல்லோரும் அஞ்சினோம். பரவல் என்று எழுதிவிட்டால் அதன்பின் சிகிச்சையின் நோக்கமே மாறிவிடும். ஆகவே ஊசி வழியாகத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் எதையும் தீர்மானிப்பதில்லை என்று நிறுத்திவைத்தோம். வந்தது காசநோய். ஆறு மாத மருந்தில் முடிச்சு சுருங்கி மறைந்தது.

இப்போது சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டு கடந்துவிட்டது, நோய் திரும்பவில்லை. செதிள் செல் வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், தோன்றிய இடத்திலேயே திரும்பும். அவர் பட்டறையில் அளவெடுத்துக் கோடு போடுகிறார். தேய்ப்பு வேலை முழுவதும் மகன் கைக்குப் போயிருக்கிறது, தூசி உறிஞ்சும் எந்திரத்தோடும் என்95 முகக்கவசத்தோடும்.

## மாற்ற வேண்டியவை

மேல் கடைவாயில் சொத்தை இல்லாமல் ஆடும் பல், மூன்று வாரம் கடந்தும் ஆறாத பல் குழி, ஒரு பக்க மூக்கடைப்போடு இரத்தக் கசிவு, கன்ன மரப்பு ஆகியவற்றில் எது ஒன்று இருந்தாலும், அடுத்த கிருமிக்கொல்லி மருந்தை எழுதுவதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த நோய்க்கு, அறிகுறி இல்லாத மக்கள் எல்லோரையும் சலித்துப் பார்க்கும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே முன்கூட்டியே கண்டறியும் வாய்ப்பு பல் மருத்துவரின் நாற்காலியிலும் காது மூக்கு தொண்டைப் புறநோயாளர் அறையிலும்தான் இருக்கிறது. சுற்று வட்டாரப் பல் மருத்துவர்களுக்கு இந்த நான்கு அறிகுறிகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து, அப்படி அனுப்பப்படுவோரை அதே வாரத்தில் பார்க்க ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மரப்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை. அதனால் "கன்னத்தில் தொடு உணர்ச்சி சரியாக இருக்கிறதா" என்ற கேள்வியும், தொழில் என்ன என்ற கேள்வியும் சேர்க்கைத் தாளில் அச்சாகவே இடம்பெற்றுள்ளன.

தாமதத்தின் இரண்டாவது பகுதி முழுக்க முழுக்க மருத்துவமனைக்குள் நேர்ந்தது. அதைத் திருத்துவதும் எளிது. மேல்தாடை அறுவைக்குப் பெயர் எழுதும் நாளிலேயே பல் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பிடுங்க வேண்டிய பற்களை அறுவை மயக்கத்திலேயே பிடுங்கிவிடுகிறோம். கதிர்வீச்சுத் திட்டமிடல் ஸ்கேனுக்கான நாளும், காப்பீட்டு விண்ணப்பமும், அறுவைக்கு முன்பே பதிவாகின்றன. திசு அறிக்கை வந்ததும் தேவையில்லை என்றால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இதற்குப் பின் வந்த மேல்தாடை நோயாளிகளுக்குக் கதிர்வீச்சு ஆறாவது வாரத்துக்குள் தொடங்கியிருக்கிறது.